பின்னறையில் ஓர் ஆயிரம்

ஏழுமடையில் எதை வகுத்தாலும், மீந்தது வகுத்தல் சொல்லிக்கொடுக்கிற டீச்சரின் வீட்டுக்குப் போய்விடும். அந்த ஊருக்கு ஏழு தெரு. பங்கு போட வேண்டிய பொருள் எதுவாக இருந்தாலும் பெரியவர்கள் அதில் கை வைக்க மாட்டார்கள். கை வைத்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் வேட்டியை மடித்துக் கட்டுவார்கள், அப்புறம் ஒரு மாதத்துக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். அதனால் வந்ததை வந்தபடியே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதை ஏழால் வகுத்து, தெருவுக்கு இத்தனை என்று கரும்பலகையில் எழுதுவார்கள். மீதியை டீச்சர் சாயங்கால மணி அடித்ததும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார்.

பிரமநாயகி டீச்சர் அந்த ஊருக்கு மாற்றலாகி வந்தது ஆனி மாதத்தில். ஊரே அவரைப் பிரமு டீச்சர் என்றது. முன்னறை, அடுக்களை, பின்னறை என்று ஓர் ஓட்டு வீடு கிடைத்தது. அவருக்கும், டவுன் பஸ் ஓட்டுகிற அவர் கணவர் ஆவுடையப்பனுக்கும் அது தாராளம். முதல் வாரம் இரண்டு பூசணிக்காய் மீந்து வந்தன. சாம்பார் வைத்தார். நல்ல ஊராகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஆவணித் திருவிழாவுக்கு முப்பத்தொரு நாயனக்காரர்கள் வந்தார்கள். தெருவுக்கு நான்கு பேர் போக மூன்று பேர் மீந்தார்கள். அவர்கள் முன்னறையில் தங்கினார்கள். தங்கமான மனிதர்கள். குழம்பில் உப்புக் கூடினால்கூட வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அன்று சாயங்காலம் முகாரி வாசிப்பதோடு சரி. புரட்டாசியில் ஐந்து ஏணிகள் வந்து அடுக்களைச் சுவரில் சாய்ந்துகொண்டன. பரணில் இருக்கும் டப்பாவை எடுக்க டீச்சர் இப்போது யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

தை மாதம் புது வருடத்தை வகுத்தார்கள். ஏழால் வகுத்தால் எத்தனை வாரம் என்று தெரியும், தெருவுக்கு ஒரு கிழமையாகக் குழாய்த் தண்ணீர் முறையும் வைத்துக்கொள்ளலாம். சுப்புக்குட்டி என்கிற பையன் முந்நூற்று அறுபத்தைந்து நாளை அழகாக வகுத்து, ஐம்பத்திரண்டு என்று எழுதி, மீதி ஒன்று என்று போட்டான். அந்த ஒரு நாளைத் தலைமையாசிரியர் பிச்சையா சார் நான்காக மடித்துக் கையில் கொடுத்தார். சந்தன நிறம். இஸ்திரி போட்ட துணி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. டீச்சர் அதைக் கல்யாணப் புடவைக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் வைத்து, நாலு பாச்சா உருண்டையும் போட்டு மூடினார். மீதியை டீச்சர் வைத்துக்கொள்ளலாம், புழங்கலாம். மறுபடி பங்கு போடத்தான் கூடாது.

இதெல்லாம் ஒன்றொன்றாக வந்தவை. மொத்தமாக வருபவை அந்த ஊருக்கு வேறு விதமாக வரும். ஆயிரம் பொருள் ஒரே பொருளாக வரும், அதற்குரிய பருமனோடு. நூறும் அப்படியே, பத்தும் அப்படியே. பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு கிழித்து நான்கு கட்டம் போட்டிருந்தார்கள். இடது ஓரத்தில் ஆயிரம், அடுத்து நூறு, அடுத்து பத்து, வலது ஓரத்தில் ஒன்று. ஒரு கட்டத்திலிருந்து கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போனால் ஒன்று பத்தாகிவிடும். பத்தும் சேர்ந்து இடப்பக்கம் வந்தால் ஒன்றாகிவிடும். எண்ணப்பட்டவற்றுக்கு மட்டும்தான் இது. பிள்ளைகள் அந்தக் கோட்டுக்கு மேலே பாண்டி ஆடலாம், ஒன்றும் ஆகாது. ஒரே ஒருமுறை, ஆஜர் எடுக்கும்போது தெரியாத்தனமாக உடற்பயிற்சி ஆசிரியர் மாசிலாமணியையும் எண்ணிவிட்டார்கள். அவர் விசிலடித்துக்கொண்டே கோட்டைத் தாண்டினார். பத்து மாசிலாமணிகளையும் வரிசையில் நிறுத்தி இடப்பக்கம் நடக்க வைப்பதற்குள் மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. பத்து பேரும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்கள்.

பிள்ளைகள் பத்தை ஒன்றுகளாக்கக் கூச்சப்பட மாட்டார்கள். நூறைப் பத்துகளாக்கவும் தயங்க மாட்டார்கள். ஆயிரத்தைத்தான் தொட மாட்டார்கள். ஏழுமடையில் ஆயிரத்துக்கு அவ்வளவு மரியாதை. தெருவில் ஓர் ஆயிரம் போனால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள், தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கும். அதைப் போய்க் கோடு தாண்ட வைத்துச் சில்லறையாக்குவதா என்பது ஊரின் எண்ணம்.

பங்குனியில் அறுவடை முடிந்ததும் வாத்துகள் வந்தன. வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்க வருடா வருடம் வருபவைதான். எட்டாயிரத்து நானூற்று இருபத்தொன்று. அதாவது மினி பஸ் அளவில் எட்டு வாத்து, எருமை அளவில் நான்கு, ஆட்டுக்குட்டி அளவில் இரண்டு, வாத்து அளவில் ஒன்று. அன்றைக்குக் கணக்குப் போடும் முறை முப்பிடாதி என்கிற பெண்ணுடையது. வகுப்பிலேயே கெட்டிக்காரி. தரையில் ஊரும் எறும்புக்குக்கூட வழி விட்டு நடக்கிறவள்.

முப்பிடாதி முதலில் ஆயிரங்களைப் பார்த்தாள். எட்டு ஆயிரம், ஏழு தெரு. தெருவுக்கு ஒன்று கொடுத்தாள். ஒன்று நின்றது. அதை அவள் நிமிர்ந்து பார்த்தாள், அதுவும் குனிந்து அவளைப் பார்த்தது. பிறகு நூறுகளிடம் போனாள். நான்கு நூறை ஏழு தெருவுக்குக் கொடுக்க முடியாது, ஆயிரம் முழுசாக நிற்கும்போது அதன் கண்முன்னே சின்னவற்றை உடைக்க மனசில்லாமல் விட்டுவிட்டாள். இரண்டு பத்தைக் கொடுக்க முடியாது, விட்டுவிட்டாள். ஒரு வாத்தை ஏழு பேருக்கு எப்படிக் கொடுப்பது? தெருவுக்கு ஆயிரம், மீதி ஆயிரத்து நானூற்று இருபத்தொன்று என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஊருக்கு ஒரு குறையும் இல்லை. தெருவுக்கு ஒன்று, சரிசமம். ஒவ்வொரு தெருக்காரரும் தங்கள் ஆயிரத்தைத் தெருமுனையில் நிறுத்தி, கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். பிரமு டீச்சர் எட்டு வாத்தோடு வீட்டுக்கு நடந்தார்.

அவர் வீட்டுப் பின்னறைக்குள் மினி பஸ் கொள்ளாது. ஆனால் மீதி கொள்ளும். மீதிக்கு வீட்டுக்குள் வர வழி எப்படியும் கிடைத்துவிடும், வெளியே போகத்தான் கிடையாது. ஆயிரம் தலையைக் குனிந்து உள்ளே போய் உட்கார்ந்தது. அதன் சிறகுக்கடியில் நான்கு நூறுகளும் இரண்டு பத்துகளும் ஒண்டிக்கொண்டன. அந்த ஒற்றை வாத்து மட்டும் அடுக்களைக்கு வந்து ஏணியில் ஏறி உட்கார்ந்தது. சாயங்காலம் டிப்போவிலிருந்து வந்த ஆவுடையப்பன் பின்னறையை எட்டிப் பார்த்தார்.

"நம்ம வண்டியவிட ரெண்டு சீட்டுதான் கம்மி," என்றார்.

அவருக்கு ஆயிரத்தின் மேல் ஒரு வாஞ்சை வந்ததற்குக் காரணம் உண்டு. மறுநாள் காலை அது ஒரு முட்டை போட்டது. ஓட்டை உடைக்கக் கடப்பாரை தேவைப்பட்டது. தெருவே பொடிமாஸ் சாப்பிட்டது. நாயனக்காரர்கள் அன்றைக்குக் கல்யாணி வாசித்தார்கள்.

இப்படியே போயிருந்தால் பிரமு டீச்சரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அந்த வாரம் தங்கை வடிவு போன் செய்தாள்.

"யக்கா, நான் புறப்பட்டு வாரேன். பங்குனி முடியறதுக்குள்ள ஆயிரும்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ."

தலைப்பிரசவம். தாய் வீட்டில்தான் பார்க்க வேண்டும். தாய் இறந்து எத்தனையோ வருடமாகிறது. வடிவுக்குத் தலை வாரிவிட்டது, சடங்கு சுற்றியது, கல்யாணம் பண்ணி வைத்தது எல்லாம் பிரமு டீச்சர்தான். ஆகவே வடிவுக்குத் தாய் வீடு என்றால் இந்த ஓட்டு வீடுதான். அதில் ஓர் அறை என்றால் அந்தப் பின்னறைதான். முன்னறையில் மூன்று ஆண்பிள்ளைகள் நாயனத்தோடு இருக்கிறார்கள், அடுக்களையில் ஏணிக்கு நடுவே ஒரு பாய் விரிக்க இடமில்லை.

வடிவு வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து இறங்கினாள். ஏழுமடையில் பிள்ளைகள் வீட்டில்தான் பிறக்கும். பக்கத்து வீட்டு ஜெபமணி நர்ஸ் வந்து வடிவைச் சோதித்துப் பார்த்தார், அப்படியே பின்னறையையும் சோதித்துப் பார்த்தார்.

"பிள்ளை நல்லாருக்கு. ரூம்புதான் சரியில்ல," என்றார். "ஏ பிரமு, வாத்துக்கு நடுவுல நான் பிரசவம் பாக்க மாட்டேன். அறைய காலி பண்ணிட்டுச் சொல்லு, சுடுதண்ணியோட வாரேன்."

அறையைக் காலி செய்ய ஒரே வழி, கணக்கை மறுபடி போடுவது. மீதி என்று எழுதிய கைதான் அதை அழிக்க வேண்டும். டீச்சர் அழித்தால் எழுத்துதான் போகும், வாத்து போகாது. எனவே முப்பிடாதியைச் சம்மதிக்க வைக்க வேண்டும். பிரமு டீச்சர் கரும்பலகையின் ஒரு பாதியை அழிக்காமல் வைத்துக்கொண்டு, மறு பாதியில் பாடத்தைத் தொடங்கினார்.

நூறு வேர்க்கடலையை, அதாவது தேங்காய் அளவில் ஒரு வேர்க்கடலையை, மைதானத்துக்குக் கொண்டுபோனார். "ஒரு நூறு. ஏழு பேருக்குக் குடுக்க முடியுமா?" என்றார். முடியாது என்றார்கள். "கோட்டைத் தாண்டு." உருட்டினார்கள். பத்து பத்து ஆயிற்று. ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள், மூன்று நின்றது. அதையும் உருட்டினார்கள். முப்பது ஒன்று ஆயிற்று. ஆளுக்கு நான்கு கொடுத்தார்கள். இரண்டு கடலை மீந்தன. பெரியதிலிருந்து தொடங்கு, கொடுக்க முடிந்ததைக் கொடு, நிற்பதைக் கோடு தாண்ட வை, அங்கே இருப்பவற்றோடு சேர், மறுபடி கொடு. இவ்வளவுதான் பாடம். பிள்ளைகள் கடலையைத் தின்றுகொண்டே தலையாட்டினார்கள்.

"இப்ப ஆயிரத்தை வச்சுச் செய்யலாமா?" என்றார் டீச்சர்.

தலையாட்டம் நின்றுவிட்டது.

"முப்பிடாதி, எந்திரி. ஒரு ஆயிரத்தை ஏழு தெருவுக்குக் குடுக்க முடியுமா?"

"முடியாது டீச்சர்."

"அப்ப என்ன செய்யணும்?"

"மீதின்னு எழுதணும்."

"ஏம்மா, நூறுகளா ஆக்கலாம்லா?"

"ஆக்கலாம் டீச்சர். ஆனா ஆக்கக் கூடாது."

"பத்து நூறா நின்னாலும் அதே ஆயிரம்தானே. ஒன்னு குறையுதா?"

முப்பிடாதி கொஞ்சம் யோசித்தாள். "அது வெளிய நின்னு பாக்கற நமக்கு டீச்சர். அதுக்கு? நேத்து வரைக்கும் அது ஆயிரம். எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க. திடீர்னு பத்தா நின்னா அதுல எது அது?"

பிரமு டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு மணியை ஐந்து நிமிடம் முன்னாலேயே அடிக்கச் சொன்னார்.

அடுத்தடுத்த நாட்களில் அவர் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார், படம் போட்டுப் பார்த்தார், பாட்டாகவும் பாடிப் பார்த்தார். பாட்டுக்கு நாயனக்காரர்கள் வீட்டிலிருந்தபடியே வாசித்தார்கள். பிள்ளைகள் தாளம் தட்டினார்களே தவிர ஆயிரத்தைத் தொட வரவில்லை. பிச்சையா சார் மட்டும், "விடுங்க டீச்சர், அடுத்த வருசம் வேற பிள்ளைங்க வரும்," என்றார். அடுத்த வருடம் வரைக்கும் வடிவு எப்படிப் பொறுப்பாள்?

புதன்கிழமை சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில், வடிவுக்கு இடுப்பு வலி எடுத்தது. ஜெபமணி நர்ஸ் வாசலில் நின்றபடியே கேட்டார், "அறை?" டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். "விடியறதுக்குள்ள ஆயிரும் பிரமு. அவ தாங்க மாட்டா," என்று சொல்லிவிட்டு நர்ஸ் வாசற்படியில் உட்கார்ந்தார். உள்ளே வரவில்லை. சொன்னால் சொன்னதுதான் அவர்.

பிரமு டீச்சருக்கு அழுகை வந்தது. கீழே இடமில்லாததால் ஏணியில் ஏறி உட்கார்ந்து அழுதார். பக்கத்து ஏணியில் இருந்த ஒற்றை வாத்து நகர்ந்து இடம் கொடுத்தது. தங்கைக்கு ஓர் அறைகூடக் கொடுக்க முடியாத அக்கா என்று தன்னையே திட்டிக்கொண்டார். பள்ளிக்கூடம் பூட்டியாகிவிட்டது. பிள்ளைகள் தூங்கப் போகிற நேரம். விடியும்போது வியாழக்கிழமையும் வந்துவிடும், குழந்தையும் வந்துவிடும். நடுவில் ஒரே ஒரு பகல் கிடைத்தால் போதும் என்று நினைத்தார். அப்படி நினைத்த மாத்திரத்தில் ஏணியை விட்டுக் கீழே குதித்தார்.

டிரங்குப் பெட்டியில் நாள் வைத்தபடி இருந்தது. முற்றத்துக்குக் கொண்டுபோய் ஆவுடையப்பன் ஒரு முனை, டீச்சர் ஒரு முனை பிடித்து உதறினார்கள். பாச்சா உருண்டை வாசனை அடித்தது. புதன்கிழமை முடிந்த இடத்தில் ஒரு நுனியை வைத்து, வியாழக்கிழமை தொடங்கும் இடம்வரை சுருக்கமில்லாமல் விரித்தார்கள். கிழக்கே வெளுத்தது. நான்காக மடித்து வைத்திருந்ததில் நடுப்பகலில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது, அந்த இடத்தில் வெயில் கொஞ்சம் மங்கல். மற்றபடி நல்ல நாள்.

எந்தக் கிழமையும் இல்லாததால் எந்த பஸ்ஸும் ஓடவில்லை. ஆவுடையப்பன் வீட்டிலேயே இருந்து வடிவைக் கைபிடித்து நடக்க வைத்தார். சனியும் இல்லை, ஞாயிறும் இல்லை என்பதால் பள்ளிக்கு விடுமுறையும் இல்லை. பிள்ளைகள் பல் விளக்கிப் புறப்பட்டார்கள். பிரமு டீச்சர் தெருவிலேயே முப்பிடாதியைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார்.

"ஒரு தடவ பாத்துட்டு வா. அப்புறம் உன் இஷ்டம்," என்றார்.

முப்பிடாதி முன்னறையில் நாயனக்காரர்களுக்கு வணக்கம் சொன்னாள். அடுக்களையில் ஏணிகளுக்கிடையே பல்லைக் கடித்துக்கொண்டு நடந்த வடிவுக்கு வழி விட்டாள். பின்னறை வாசலில் நின்றாள். ஆயிரம் குத்துப்போணி என்கிற சின்னப் பாத்திரத்துத் தண்ணீரில் அலகை விட்டுக்கொண்டிருந்தது. அலகின் நுனி மட்டும் நனைந்தது. நனைந்த நுனியால் முதுகைத் தடவப் பார்த்தது, எட்டவில்லை. மறுபடி குனிந்தது.

"இது நீந்தவே இல்லையா டீச்சர்?"

"எங்கம்மா நீந்த? வந்ததிலேர்ந்து இந்தப் போணிதான்."

முப்பிடாதி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். ஆயிரத்தின் விலாவில் கையை வைத்தாள், பிறகு காதை வைத்தாள். வெகு நேரம் எடுக்கவில்லை. வெளியே வடிவு முனகுவதும், ஆவுடையப்பன் "இந்தா, அந்த ஏணி வரைக்கும்தான்" என்று சமாதானம் சொல்வதும் கேட்டன. டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"டீச்சர்," என்றாள் முப்பிடாதி, காதை எடுக்காமலே. "உள்ள நெறய துடிக்கு. ஒன்னு இல்ல. குட்டிக் குட்டியா, ஏகப்பட்டது. இங்க வந்து கேளுங்க."

டீச்சரும் காதை வைத்தார். மழை ஓட்டின்மேல் விழுவது போலக் கேட்டது.

"ஒன்னா சேத்துக் கட்டி வச்சிருக்காவ. அம்புட்டும் உள்ள அப்படியேதான் இருக்கு," என்றாள் முப்பிடாதி. "நான் இத ஒத்தையாளுன்னுல்லா நெனச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடினாள். செருப்பை மறந்துவிட்டாள்.

மைதானத்தைப் பார்த்திருந்த கரும்பலகையில் மீதி என்று எழுதியிருந்ததை அவள் தன் உள்ளங்கையால் அழித்தாள். மைதானத்தில் சலசலப்புக் கேட்டது. ஆயிரம் ஆயிரத்தின் கட்டத்தில் நின்றது, நூறுகள் நூறின் கட்டத்தில், பத்துகள் பத்தின் கட்டத்தில். ஒற்றை வாத்து ஏணியில் உட்கார்ந்திருந்த நினைப்பில் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள், ஆயிரமாயிற்றே. முப்பிடாதி அதன் பக்கத்தில் போய், "வாங்க," என்றாள். ஆயிரம் ஓர் அடி எடுத்து வைத்துக் கோட்டைத் தாண்டியது. சாக்கு மூட்டை அவிழ்கிற மாதிரி ஒரு சத்தம். பத்து நூறுகள் நின்றன. அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன, பிறகு பத்தும் ஒரே சமயத்தில் அலகை முதுகுக்குக் கொண்டுபோயின. எட்டியது.

"ஏற்கெனவே நிக்கிற நாலும் சேத்துப் பதினாலு நூறு," என்றாள் முப்பிடாதி. "தெருவுக்கு ரெண்டு." பலகையில் ஒன்றுக்குப் பக்கத்தில் இரண்டு எழுதினாள். ஒரு நூறும் மிஞ்சவில்லை. "அடுத்து பத்து. ரெண்டு பத்து இருக்கு, ஏழு தெரு. முடியாது. உருட்டிருவோம்."

"ஒரு நிமிசம்," என்றார் டீச்சர். அவசரம் அவருக்குத்தான், ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "பத்தோட கட்டத்துல என்ன எழுதுவே?"

"ஒன்னும் குடுக்கலியே டீச்சர். எதுக்கு எழுதணும்?" என்று சுப்புக்குட்டி முந்திக்கொண்டான்.

"எழுதலேன்னா பின்னால வாரது முன்னால வந்து உக்காந்துரும். தெருவுக்கு ஆயிரத்து எரநூத்துச் சொச்சம் போக வேண்டிய எடத்துல நூத்துச் சொச்சம்தான் போகும்," என்றார் டீச்சர்.

அந்தச் சமயத்தில் நடுப்பகல் மடிப்பு வந்தது. வெயில் மங்கி, சட்டென்று பிற்பகலாகிவிட்டது. சாப்பாட்டு நேரம் மடிப்புக்குள் போய்விட்டது. பிள்ளைகளுக்குப் பசித்தது, பிச்சையா சார் வானத்தைப் பார்த்தார். வீட்டுப் பக்கமிருந்து நாயனச் சத்தம் வரவில்லை. அவர்கள் வாசிக்காமல் இருப்பதைக் கேட்டு டீச்சர் வீட்டுப் பக்கம் இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

முப்பிடாதி சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு பத்தின் கட்டத்தைப் பார்த்தாள். "ஆமா," என்றாள். "இந்த வீட்டுக்கும் வந்தோம், கையில ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டுப் போகணும். சொல்லாமப் போனா மரியாதையில்ல." இரண்டுக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு பூஜ்ஜியம் போட்டாள். சுப்புக்குட்டி அதற்கு ஒரு வணக்கம் வைத்தான்.

இரண்டு பத்துகளும் கோட்டைத் தாண்டி இருபது ஆயின. ஒற்றை வாத்து காலை இறக்கி அவற்றோடு சேர்ந்துகொண்டது. இருபத்தொன்று. தெருவுக்கு மூன்று. ஆயிரத்து இருநூற்று மூன்று என்று பலகையில் நின்றது. ஏழு தெருக்காரர்களும் வந்து, அவரவர் இரண்டு நூறையும் மூன்று வாத்தையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். யாரும் யாருடைய வாத்தையும் எண்ணிப் பார்க்கவில்லை. மைதானத்தில் இறகுகூட மிச்சமில்லை.

"மீதி?" என்றார் டீச்சர்.

"பூஜ்ஜியம் டீச்சர்," என்றது வகுப்பு முழுதும்.

டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். பிச்சையா சார் பின்னாலேயே ஓடி வந்தார். "டீச்சர், டீச்சர், மீதிய விட்டுட்டுப் போறீங்க!" முறை என்றால் முறைதான். அவர் கொடுத்த பூஜ்ஜியத்தை வாங்கி இடது கையில் பிடித்துக்கொண்டு டீச்சர் மறுபடி ஓடினார். கனமே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது பின்னறையில் கழுவித் துடைத்த வாசனை. ஜெபமணி நர்ஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருந்தார். ஆவுடையப்பன் அடுப்பில் தண்ணீரைப் போட்டுவிட்டு, அது கொதிக்கிறதா என்று நிமிடத்துக்கொரு தரம் விரலை விட்டுப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தார். டீச்சர் கையிலிருந்த பூஜ்ஜியத்தை எங்கே வைப்பது என்று பார்த்தார். தண்ணீர்ப் பானை ஆடிக்கொண்டிருந்தது. அதன் அடியில், வைக்கோல் வளையத்துக்குப் பதில், பிரிமணையாகக் கொடுத்தார். பானை ஆடாமல் நின்றது.

அந்த நாளின் ஓரத்தில், மேற்கே கொஞ்சம் சிவப்பு மிச்சமிருக்கும்போதே, குழந்தை அழுதது. பெண். நாயனக்காரர்கள் என்ன வாசிப்பது என்று தெரியாமல் மூவரும் மூன்று ராகம் வாசித்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை. பிரமு டீச்சர் தங்கையின் நெற்றியைத் துடைத்துவிட்டு, "கெட்டிக்காரி," என்றார். வடிவு, "யக்கா, ரூம்பு நல்ல காத்தோட்டமா இருக்கு," என்றாள். அப்புறம் இருட்டி, வியாழக்கிழமை விடிந்தது.

குழந்தைக்குச் செண்பகவல்லி என்று பெயர் வைத்தார்கள். ஜாதகம் எழுத வந்தவர் கிழமை என்ன என்று கேட்டார். மீதி என்றார் டீச்சர். அவர் மீதி என்று எழுதிக்கொண்டு, எந்தத் தெருவின் குழாய் முறையிலும் சேராத அந்தக் கிழமையில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் கஷ்டம் வராது என்று பலன் சொன்னார்.

அந்த வருடத்திலிருந்து தை மாதம் மீந்து வரும் நாளை அந்த வீட்டில் வேறு எதற்கும் எடுப்பதில்லை. பெட்டியில் வைத்திருந்து, பங்குனியில் புதன்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் நடுவில் விரித்து, செண்பகத்தின் பிறந்தநாளைக் கொண்டாடுவார்கள். அவள் பிறந்ததற்கு அடுத்த வருடம் லீப் வருடம். புதிதாக வந்த ஐந்தாம் வகுப்பு முந்நூற்று அறுபத்தாறை வகுத்து, மீதி இரண்டு என்று போட்டது. இரண்டு நாளையும் அடுத்தடுத்து விரித்தார்கள். முதல் நாள் செண்பகத்துக்கு ஒரு வயது முடிந்தது. பாயசம் வைத்தார்கள். மறுநாள் இரண்டு வயது முடிந்தது. மிச்சப் பாயசத்தைச் சுட வைத்தார்கள். சாயங்காலம் அவள் எழுந்து, யாரையும் பிடிக்காமல் அடுக்களைக்கு நடந்து போனாள். தண்ணீர்ப் பானையை நகர்த்தி, அடியிலிருந்த பூஜ்ஜியத்தை எடுத்து, கையில் வளையலாகப் போட்டுக்கொண்டாள். அளவு சரியாக இருந்தது.